84 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட் பக்: காலையில் கத்துகிறது, சாயங்காலம் அடங்கிவிடுகிறது

ஈயப்பற்று · ஞாயிறு, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக மண்டையைக் குடையும் ஒரு விஷயம்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு டிராக்கர் போர்டு (திருடு போனால் வண்டியைக் கண்டுபிடிக்க, மோடத்தோடு) ஒன்று செய்கிறேன். பேட்டரி 20 செல் தொடர். பேருக்கு 72 வோல்ட். முழுதாக ஏறினால் 84, வடிந்தால் 60. அதிலிருந்து நேராக 3.3 வோல்ட், 4 ஆம்பியர் எடுக்க வேண்டும். 100 வோல்ட் தாங்கும் சிங்க்ரனஸ் பக் கன்ட்ரோலர் (இன்புட்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து, காயில் வழியாக வோல்டேஜைக் குறைப்பதுதான் பக்), பீக் கரண்ட் மோடு, 500 கிலோஹெர்ட்ஸ், 4.7 மைக்ரோஹென்றி காயில், மேலேயும் கீழேயும் ஒரே 100 வோல்ட் மாஸ்ஃபெட் (திறந்தால் கரண்ட் ஓடும், மூடினால் நிற்கும் ஸ்விட்ச்).

என் பெஞ்ச் சப்ளை 60 வோல்ட் வரைதான் போகும். அதில் தங்கமாக ஓடியது, ரிப்பிள் (அவுட்புட் வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) 20 மில்லிவோல்ட். வண்டியில் மாட்டி, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் சாவியைத் திருப்பினால் போர்டு கீச்சென்று கத்துகிறது. ரிப்பிள் 90 மில்லிவோல்ட். ஊரைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் சத்தமே இல்லை! அப்புறம் இரண்டு சப்ளையைத் தொடரில் போட்டு மெல்ல ஏற்றிப் பார்த்தேன். 68 வோல்ட்டைத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது.

கம்பென்சேஷன் (ஃபீட்பேக் லூப்பைச் சீராக்கும்) ரெசிஸ்டரை மூன்று முறை மாற்றினேன், கெபாசிட்டரை இரண்டு முறை. ஒன்றும் நடக்கவில்லை. மேல் மாஸ்ஃபெட் 95 டிகிரிக்குச் சுடுகிறது, அது வேறு கவலை. லூப் ஸ்டெபிலிட்டியைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

நானோநொடி · ஞாயிறு, காலை 9.52

டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச ஆன் நேரம் (மேல் மாஸ்ஃபெட் ஒரு தடவை திறந்தால் குறைந்தது திறந்திருக்கும் நேரம்) எவ்வளவு என்று போட்டிருக்கிறது?

ஈயப்பற்று · ஞாயிறு, காலை 10.05

100 நானோசெகண்ட். டிபிகல் என்ற கட்டத்தில் இருக்கிறது. மேக்ஸிமம் கட்டம் காலி.

பழைய_டிரான்சிஸ்டர் · ஞாயிறு, காலை 11.20

தம்பி, கம்பென்சேஷனை விட்டுவிடுங்கள். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

பக்கில் டியூட்டி, அதாவது ஒரு சுற்றில் மேல் மாஸ்ஃபெட் திறந்திருக்கும் பங்கு, என்பது அவுட்புட்டை இன்புட்டால் வகுப்பது, அவ்வளவுதான். 3.3-ஐ 84-ஆல் வகுத்தால் 3.9 சதவீதம். 500 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 2 மைக்ரோசெகண்ட். அதில் 3.9 சதவீதம் என்றால் 79 நானோசெகண்ட். உங்கள் ஐசி 100-க்குக் கீழே திறந்து மூடாது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

68 வோல்ட்டில் ஏன் ஆரம்பிக்கிறது என்பதும் இதிலேயே தெரியும். காயில் தடை, மாஸ்ஃபெட் தடை இரண்டிலும் 0.1 வோல்ட் விழுகிறது என்று வையுங்கள். 3.4-ஐ 68-ஆல் வகுத்தால் சரியாக 5 சதவீதம், அதாவது 100 நானோசெகண்ட். உங்கள் மீட்டரையும் டேட்டாஷீட்டையும் பாராட்ட வேண்டும், இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம்.

84-இல் என்ன நடக்கிறது? வேண்டியது 80 நானோசெகண்ட் சொச்சம், கிடைப்பது 100. ஒவ்வொரு துடிப்பும் வேண்டியதைவிடக் கால் பங்கு கூடுதலாகக் காயிலுக்குள் தள்ளுகிறது. அவுட்புட் ஏறுகிறது, எரர் ஆம்ப்ளிஃபையர் "போதும்" என்கிறது, ஐசி ஒரு துடிப்பை விழுங்கிவிடுகிறது. சராசரியாக ஐந்தில் ஒன்று காணாமல் போகும். அதுவும் ஒழுங்காகப் போனால் பரவாயில்லை. கொத்துக் கொத்தாக, இஷ்டத்துக்குப் போகும். அந்தக் கொத்துகளின் அதிர்வெண் நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிடும்.

இன்னொன்று, கத்துவது பெரும்பாலும் காயில் அல்ல. அவுட்புட் செராமிக் கெபாசிட்டர்கள்தான். மின்னழுத்தம் மாறினால் அவை கொஞ்சம் விரிந்து சுருங்கும், போர்டு முழுவதும் ஸ்பீக்கர் தகடு மாதிரி ஆகிவிடும். ஒரு மரக்குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், எது பாடுகிறது என்று தெரியும். மரக்குச்சி என்றேன், ஸ்க்ரூடிரைவர் அல்ல. 84 வோல்ட் இருக்கிறது.

ஈயப்பற்று · ஞாயிறு, மதியம் 12.15

ஐயோ. அழுத்திப் பார்த்தேன், வலது ஓரத்தில் இருக்கும் 47 மைக்ரோஃபாரட் இரண்டும்தான் பாடுகின்றன. மூன்று வாரம் வீண்.

ஒரு சந்தேகம் சார். 100 நானோசெகண்டுக்குக் கீழே போகக்கூடாது என்று ஐசிக்கு என்ன வேண்டுதல்? மாஸ்ஃபெட் 10 நானோசெகண்டில் திறந்து மூடுகிறதே?

பழைய_டிரான்சிஸ்டர் · ஞாயிறு, மதியம் 1.10

நல்ல கேள்வி. உங்களுடையது பீக் கரண்ட் மோடு. மேல் மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போது காயில் கரண்ட் ஏறுவதைப் பார்த்து, இலக்கைத் தொட்டதும் மூட வேண்டும். ஆனால் மாஸ்ஃபெட் திறக்கும் கணத்தில் கீழ் டயோடின் மின்னூட்டமும், ஸ்விட்ச் நோடின் (இரண்டு மாஸ்ஃபெட்டும் காயிலும் சேரும் இடம்) கெபாசிட்டன்ஸும் சேர்ந்து, கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரில் பெரிய ஒரு முள்ளை உண்டாக்கும். அந்த முள்ளை நிஜக் கரண்ட் என்று நம்பினால் ஐசி உடனே மூடிவிடும். அதனால் முதல் சில பத்து நானோசெகண்டுக்குக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள், பிளாங்கிங் என்பது அதுதான். அதற்கு மேல் கம்பாரேட்டர் தாமதம், டிரைவர் தாமதம். எல்லாம் கூட்டினால் 100.

இன்புட் உயர உயர இரண்டு பக்கமும் நெருக்கும். வேண்டிய ஆன் நேரம் சுருங்கும், முள் பெரிதாகும். 12 வோல்ட்டிலிருந்து 3.3 எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எட்டியே பார்க்காது. அதனால்தான் அந்தப் பழக்கத்தில் வருபவர்கள் இங்கே வந்து மாட்டுகிறார்கள்.

டிபிகல் 100 என்பதை நம்பியும் டிசைன் செய்யாதீர்கள். சூட்டிலும், பீஸுக்குப் பீஸும் மாறும். நான் 140 என்றே எடுத்துக்கொள்வேன்.

மாட்யூல்_மன்னன் · ஞாயிறு, மதியம் 2.30

நான் புதுசு. இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? ஆன்லைனில் நூறு ரூபாய்க்குள் பக் மாட்யூல் கிடைக்கிறதே. என் 48 வோல்ட் சைக்கிளில் ஒன்று போட்டிருந்தேன். ரெண்டு நாள் ஓடியது.

நானோநொடி · ஞாயிறு, மதியம் 2.34

மூன்றாம் நாள்?

மாட்யூல்_மன்னன் · ஞாயிறு, மதியம் 2.41

மூன்றாம் நாள் போனும் போச்சு 😔

குறுக்குச்சுற்று · ஞாயிறு, மாலை 4.00

சிரிக்க வேண்டாம், இந்த இழையிலேயே முக்கியமான செய்தி மேலே மன்னன் சொன்னதுதான்.

48 வோல்ட் என்று பெயர் வைத்த 13 செல் பேட்டரி முழுதாக ஏறினால் 54.6. அந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை 40 வோல்ட் வரைதான் தாங்கும். பழைய எல்எம்2576-இல் 60 வோல்ட் தாங்கும் எச்வி ரகம் உண்டு. அது 52 கிலோஹெர்ட்ஸில் ஆற அமர ஓடும். ஆனால் மாட்யூலில் அதுவா இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

பக் செத்தால் எப்படிச் சாகும் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். மேல் மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அப்படி ஆனால் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரு காயில் மட்டும். 12-இலிருந்து 5 எடுத்தால் லோடில் 12 வரும், சில ஐசிகள் தப்பிக்கும். இங்கே 3.3 லைனில் 84 வரும். மோடம், மைக்ரோகன்ட்ரோலர், சென்சார், ஒன்றும் மிஞ்சாது. விகிதம் பெரிதாக ஆக, செயல்திறனைவிட இந்தக் கேள்வி பெரிதாகிவிடுகிறது.

அதனால் என் கட்சி ஃப்ளைபேக் (இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கன்வெர்ட்டர்). 13 வாட்டுக்கு அது கச்சிதமான அளவு. 8-க்கு 1 சுற்று விகிதம் வைத்தால் 84 வோல்ட்டிலும் டியூட்டி 25 சதவீதம் வரும். 79 நானோசெகண்டைத் தேடி அலைய வேண்டாம். ஸ்விட்ச் செத்தால் ஃப்யூஸ் போகும், மோடம் பிழைக்கும்.

பழைய_டிரான்சிஸ்டர் · ஞாயிறு, மாலை 6.45

சாகும் விதத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. ஃப்ளைபேக் பற்றி அவ்வளவு உற்சாகம் எனக்கில்லை.

3.3 வோல்ட் 4 ஆம்பியர் ஃப்ளைபேக்கில் செகண்டரிக்குக் கரண்ட் தொடர்ச்சியாக வராது, முக்கால் பங்கு நேரம்தான் வரும். அந்த நேரத்தில் சராசரி 5.3 ஆம்பியர், உச்சம் அதற்கும் மேல். அதெல்லாம் அவுட்புட் கெபாசிட்டர் தலையில்தான் விழும். ஷாட்கி டயோடு போட்டால் அதிலேயே ஒன்றரை வாட் போகும். சிங்க்ரனஸ் ரெக்டிஃபையர் போட்டால் இன்னொரு ஐசி. டிரான்ஸ்ஃபார்மர் லீக்கேஜ் உண்டாக்கும் வோல்டேஜ் முள்ளை அமுக்க ஸ்னப்பர். டிரான்ஸ்ஃபார்மர் யார் சுற்றுவது? 50 பீஸுக்கு நல்லபடியாகச் சுற்றிக் கொடுக்கும் ஆளைப் பிடிப்பதற்குள் நானே இரண்டு பக் போர்டு போட்டுவிடுவேன்.

ஷார்ட் ஆவதற்கு மருந்து: இன்புட்டில் ஃப்யூஸ், அவுட்புட்டில் 3.6 தாண்டினால் தைரிஸ்டரைத் தட்டி, லைனைத் தரையோடு ஷார்ட் செய்து ஃப்யூஸைப் போக்கும் க்ரோபார். அழகில்லாத வழி, ஆனால் வேலை செய்யும்.

குறுக்குச்சுற்று · ஞாயிறு, இரவு 8.10

க்ரோபார் தைரிஸ்டர் திறப்பதற்குள் லைன் எவ்வளவு ஏறும் என்று பார்த்தீர்களா? 80 வோல்ட் காயிலுக்குக் குறுக்கே நின்றால் 4.7 மைக்ரோஹென்றியில் மைக்ரோசெகண்டுக்கு 17 ஆம்பியர் ஏறும்.

பழைய_டிரான்சிஸ்டர் · ஞாயிறு, இரவு 8.30

அதனால்தான் 4.7 வேண்டாம் என்கிறேன். நாளைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அலைவரிசை · ஞாயிறு, இரவு 9.15

நடுவில் நுழைகிறேன். நான் சர்வர் பவர் சப்ளை பக்கம் வேலை பார்ப்பவள். உங்கள் 3.9 சதவீதத்தைப் பார்த்தால் எங்களுக்கு ஆசையாக இருக்கிறது. எங்கள் பக்கம் 48 வோல்ட்டிலிருந்து பிராசசருக்கு 1 வோல்ட். டியூட்டி 2 சதவீதம். அதுவும் நூற்றுக்கணக்கான ஆம்பியர்.

முன்பு ரேக்கில் 12 வோல்ட்தான் ஓடும். கரண்ட் கூடக் கூடக் கம்பியிலும் பஸ்பாரிலும் வீணாவது தாங்கவில்லை. 48-க்குப் போனால் அதே வாட்டுக்குக் கரண்ட் நான்கில் ஒன்று, கம்பி இழப்பு பதினாறில் ஒன்று. கூகுள் 2016-இல் தன் 48 வோல்ட் ரேக் வடிவமைப்பை ஓப்பன் கம்ப்யூட் அமைப்புக்குக் கொண்டுவந்த பிறகு இந்தப் பேச்சு சூடுபிடித்தது. ஆனால் கம்பியில் மிச்சம் பிடித்ததைக் கன்வெர்ட்டரில் விட்டுவிடக்கூடாதே. அதனால் யாரும் ஒற்றை பக்கால் 48-ஐ 1 ஆக்குவதில்லை. மாறாத ஒரே விகிதத்தில் குறைக்கும் ஒரு கட்டம், அதற்குப் பின் பல ஃபேஸ் பக் (இணையாக ஓடும் பல பக்), இது ஒரு வழி. சீரிஸ் கெபாசிட்டர் பக் இன்னொரு வழி: இரண்டு ஃபேஸுக்கு நடுவில் ஒரு கெபாசிட்டர் பாதி இன்புட் வோல்டேஜைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் தெரிவது பாதி வோல்டேஜ்தான், ஆன் நேரம் இரட்டிப்பாகும், ஸ்விட்சிங் இழப்பும் வெகுவாகக் குறையும். அந்தக் கெபாசிட்டர் இரு ஃபேஸின் கரண்டையும் தானே சமப்படுத்திவிடும், அதுதான் அதன் அழகு.

இதை உங்கள் ஸ்கூட்டருக்குச் சிபாரிசு செய்யவில்லை. 13 வாட்டுக்கு அது குருவி தலையில் பனங்காய்.

என் கேள்வி வேறு: வண்டியில் ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் ஏற்கெனவே 12 வோல்ட் கன்வெர்ட்டர் இருக்குமே? அங்கிருந்து 3.3 எடுத்தால் டியூட்டி 27 சதவீதம். இந்த இழையே தேவையில்லை.

ஈயப்பற்று · ஞாயிறு, இரவு 10.02

இருக்கிறது அக்கா, ஆனால் சாவியை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். டிராக்கர் வேலை செய்ய வேண்டியதே அப்போதுதான். வண்டியைத் திருடுபவன் சாவியைப் போட்டுவிட்டா தள்ளிக்கொண்டு போவான்?

அலைவரிசை · ஞாயிறு, இரவு 10.07

ஒத்துக்கொள்கிறேன் 😄 நீங்களே 84-ஐ 12 ஆக்கி, பிறகு 3.3 ஆக்கலாம். முதலாவது 14 சதவீத டியூட்டி, இரண்டாவது 27. இரண்டுமே சுகமான இடம். ஒவ்வொன்றும் 93 சதவீதம் ஓடினால் மொத்தம் 86. மேலே சொன்ன ஒற்றைக் கட்ட டிசைன் எவ்வளவு தருகிறது என்று அளந்தீர்களா?

ஈயப்பற்று · ஞாயிறு, இரவு 10.20

84-இல் 72 சதவீதம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பழைய_டிரான்சிஸ்டர் · திங்கள், காலை 7.05

காபியோடு உட்கார்ந்து உங்கள் 72 சதவீதம் எங்கே போகிறது என்று பார்த்தேன்.

மேல் மாஸ்ஃபெட் திறந்து மூடும் நேரம் கூட்டி 20 நானோசெகண்ட் என்று வையுங்கள். 84 வோல்ட், 4 ஆம்பியர், அதில் பாதி, 500 கிலோஹெர்ட்ஸ்: 1.7 வாட். அடுத்தது கீழ் மாஸ்ஃபெட்டின் பாடி டயோடு (அதற்குள்ளேயே இருக்கும் டயோடு). டெட் டைமில் (இரண்டு மாஸ்ஃபெட்டும் மூடியிருக்கும் சின்ன இடைவெளி) அது கடத்துகிறது. மேல் மாஸ்ஃபெட் திறக்கும்போது அதன் மின்னூட்டத்தை 84 வோல்ட்டிலிருந்து இழுத்து வெளியே எடுக்க வேண்டும். 60 நானோகூலும் என்றால், 84-ஆலும் 500 கிலோஹெர்ட்ஸாலும் பெருக்குங்கள்: 2.5 வாட்! இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தாலும் அந்தச் சூடு கீழ் மாஸ்ஃபெட்டில் இருக்கும் என்று தேடுவார்கள். பெரும்பாலும் மேலே இருப்பவன்தான் சுடுவான், அந்தக் கரண்டையும் வோல்டேஜையும் ஒரே நேரத்தில் சுமப்பவன் அவன்தான். உங்கள் 95 டிகிரி அதுதான்.

கடத்தும்போது ஆகும் இழப்பைப் பாருங்கள். மேல் மாஸ்ஃபெட் 30 மில்லிஓம் என்றாலும் அது கடத்துவது நூற்றில் நான்கு பங்கு நேரம்: 20 மில்லிவாட். ஒன்றுமே இல்லை. கீழே இருப்பவன் 96 பங்கு நேரம் கடத்துகிறான். ஆக இரண்டுக்கும் ஒரே மாஸ்ஃபெட் போட்டது தப்பு. மேலே தடை கூடினாலும் பரவாயில்லை, கேட் மின்னூட்டமும் அவுட்புட் கெபாசிட்டன்ஸும் குறைந்த சின்ன ஆள். கீழே தடை குறைந்த, ரிக்கவரி மின்னூட்டம் (மேலே சொன்ன பாடி டயோடின் மின்னூட்டம்) குறைந்த ஆள். கடையில் ஒரே ரீலில் இரண்டையும் வாங்கும் பழக்கத்தை இந்த விகிதத்தில் விட்டுவிட வேண்டும்.

இப்போது அதிர்வெண்ணை 200 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். சுற்று 5 மைக்ரோசெகண்ட், 84-இல் ஆன் நேரம் 196 நானோசெகண்ட். 140 என்ற என் பயத்துக்கும் மேலே. ஸ்விட்சிங் இழப்பு எல்லாமே ஐந்தில் இரண்டு பங்காகும், 4.2 வாட் 1.7 ஆகிவிடும். காயில் 10 மைக்ரோஹென்றி. ரிப்பிள் கரண்ட் 1.6 ஆம்பியர். காயில் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான் விலை.

நானோநொடி · திங்கள், காலை 7.30

அதிர்வெண்ணைக் குறைக்காமல் ஐசியை மாற்றலாமே சார். எல்எம்5146 100 வோல்ட் கன்ட்ரோலர், குறைந்தபட்ச ஆன் நேரம் 40 நானோசெகண்ட். வோல்டேஜ் மோடு (கரண்டைப் பார்த்து மூடுவதில்லை) என்பதால் முள்ளுக்குப் பயந்து கண்ணை மூட வேண்டியதில்லை. கான்ஸ்டன்ட் ஆன் டைம் வகையில் எல்எம்5164 50 நானோசெகண்ட், ஆனால் 1 ஆம்பியர்தான். மாஸ்ஃபெட்டுக்குப் பதில் காலியம் நைட்ரைடு போட்டால் பாடி டயோடே கிடையாது, அந்த 2.5 வாட் பூஜ்யம்.

பழைய_டிரான்சிஸ்டர் · திங்கள், காலை 8.15

எல்லாம் சரி. காலியம் நைட்ரைடில் ரிக்கவரி இல்லைதான், ஆனால் டெட் டைமில் பின்பக்கமாகக் கடத்தும்போது 2 வோல்ட்டுக்கு மேல் விழும், டெட் டைமை இறுக்கிப் பிடிக்க வேண்டும். லேஅவுட்டில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் கேட் ஆடும். தம்பியின் முதல் 84 வோல்ட் போர்டு இது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இடத்துக்கா பஞ்சம்? 500 கிலோஹெர்ட்ஸ் யார் கேட்டது?

ஈயப்பற்று · திங்கள், காலை 8.40

யாரும் கேட்கவில்லை சார். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்து சர்க்யூட்டில் 500 இருந்தது, அதையே போட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் அந்த சர்க்யூட்டில் அவுட்புட் 12 வோல்ட்.

குறுக்குச்சுற்று · திங்கள், காலை 9.30

நான் விடமாட்டேன். அவுட்புட் ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லையே?

ஷார்ட் ஆனால் அவுட்புட் கிட்டத்தட்ட பூஜ்யம். கரண்ட் லிமிட்டைத் தொட்டதும் ஐசி மூடப் பார்க்கும், ஆனால் 100 நானோசெகண்ட் திறந்தே ஆக வேண்டும். 84 வோல்ட், 4.7 மைக்ரோஹென்றி: ஒவ்வொரு துடிப்பிலும் 1.8 ஆம்பியர் ஏறும். மூடியிருக்கும் 1.9 மைக்ரோசெகண்டில் கரண்டை இறக்க அவுட்புட் வோல்டேஜே இல்லை. தடைகளில் விழும் கொஞ்சநஞ்சத்தால் 0.1 ஆம்பியர் இறங்கினால் அதிகம். மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகும். பத்தே துடிப்பில், அதாவது 20 மைக்ரோசெகண்டில் 17 ஆம்பியர் கூடிவிடும். காயில் அதற்குள் சாச்சுரேட் (கோர் நிரம்பி இண்டக்டன்ஸ் விழுவது) ஆகியிருக்கும், அப்புறம் மைக்ரோஹென்றி கணக்கே செல்லாது.

எங்கே போய் நிற்கும்? 84-ஐ 5 சதவீதத்தால் பெருக்கினால் 4.2 வோல்ட். மொத்தத் தடை 50 மில்லிஓம் என்றால் 84 ஆம்பியர். அதாவது மாஸ்ஃபெட் வெடித்த பிறகு நிற்கும். "சைக்கிளுக்குச் சைக்கிள் கரண்ட் லிமிட் உண்டு" என்று டேட்டாஷீட் முதல் பக்கத்தில் பெருமையாக எழுதியிருப்பது இந்த இடத்தில் உதவாது.

அலைவரிசை · திங்கள், காலை 10.10

இது அருமையான பாயின்ட். வேலி கரண்ட் மோடு என்றால் இந்தச் சிக்கல் வராது: கரண்ட் கீழே இறங்கும் வரை அடுத்த துடிப்பையே கொடுக்காது. இல்லையென்றால் அவுட்புட் விழுந்ததும் அதிர்வெண்ணைக் குறைக்கும் ஃபோல்ட்பேக் வேண்டும். ஈயப்பற்று, உங்கள் ஐசியில் இருக்கிறதா?

ஈயப்பற்று · திங்கள், மாலை 5.50

தேடிக் கண்டுபிடித்தேன். உள்ளே ஒரு வரி: ஃபீட்பேக் வோல்டேஜ் விழுந்தால் அதிர்வெண் எட்டில் ஒன்றாகும். 200 கிலோஹெர்ட்ஸ் 25 ஆகும். குறுக்குச்சுற்று அண்ணா கணக்கின்படி 84 × 100 நானோசெகண்ட் × 25 கிலோஹெர்ட்ஸ் = 0.21 வோல்ட், 50 மில்லிஓமில் 4.2 ஆம்பியர். அதற்கு மேல் தானாக ஏறாது. தப்பித்தேனா?

குறுக்குச்சுற்று · திங்கள், மாலை 6.20

தப்பித்தீர்கள். ஆனால் அதிர்வெண் இறங்குவதற்குள் ஏறும் ஒன்றிரண்டு படிக்கு இடம் கொடுத்துக் காயிலை எடுங்கள். ஃபெரைட் வேண்டாம், அது திடீரென்று கைவிடும். மெட்டல் பவுடர் கோர் என்றால் மெதுவாகத் தளரும்.

டேப் போட்ட காயில் (சுற்றின் நடுவிலிருந்து ஒரு கம்பி எடுத்தது) பக் பற்றி யாரும் பேசவில்லை, நானே சொல்லி நானே அடித்துவிடுகிறேன். மூன்றுக்கு ஒன்று டேப் வைத்தால் டியூட்டி 4-இலிருந்து 11 சதவீதமாகும். காகிதத்தில் சூப்பர். ஆனால் மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் தரைக்குக் கீழே 6.6 வோல்ட் இறங்கும். மேல் மாஸ்ஃபெட்டைத் திறக்கும் பூட்ஸ்ட்ராப் டிரைவர்கள் அதைத் தாங்காது. மாஸ்ஃபெட் மீது 84 அல்ல, 90-க்கு மேல், அதோடு லீக்கேஜ் முள். நான் ஒருமுறை செய்து பார்த்தேன், மறுமுறை செய்ய மாட்டேன்.

அலைவரிசை · செவ்வாய், காலை 8.00

லோடு குறையும்போது என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். கரண்ட் ஏறும்போது காயிலுக்குக் குறுக்கே 80 வோல்ட், இறங்கும்போது வெறும் 3.3. பத்து மைக்ரோஹென்றியில் ஏற்றம் மைக்ரோசெகண்டுக்கு 8 ஆம்பியர், இறக்கம் மூன்றில் ஒரு ஆம்பியர். லோடு கூடினால் இமைப்பதற்குள் பிடித்துவிடும். குறைந்தால் 12 மைக்ரோசெகண்டுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும். லூப்பை எவ்வளவு வேகமாக்கினாலும் இது மாறாது.

உச்சக் கரண்ட் 4.8 ஆம்பியரில் காயிலில் இருக்கும் ஆற்றல் 115 மைக்ரோஜூல். லோடு மொத்தமும் சட்டென்று போனால் அதெல்லாம் கெபாசிட்டருக்குள் இறங்கும். 3.3-இல் 5 சதவீதத்துக்குள் நிற்க 200 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் நிஜக் கெபாசிட்டன்ஸ் வேண்டும். நிஜம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 47 என்று எழுதிய 6.3 வோல்ட் செராமிக்கில் 3.3 வோல்ட் டிசி நின்றால் நிறையக் காணாமல் போகும். இன்புட் பக்கம் இன்னும் மோசம், 100 வோல்ட் 2.2 மைக்ரோஃபாரட்டில் 84 வோல்ட் நின்றால் பாதிக்கு மேல் போய்விடும்.

உங்கள் லோடு உண்மையிலேயே 4-இலிருந்து பூஜ்யத்துக்குப் போகுமா?

ஈயப்பற்று · செவ்வாய், காலை 8.35

இல்லை. மோடம் துடிப்பு 2 ஆம்பியர். 4 என்பது பயத்தில் போட்ட எண்.

பழைய_டிரான்சிஸ்டர் · செவ்வாய், காலை 9.00

இன்புட் கெபாசிட்டர் பேச்சு வந்ததால் ஒன்று. பேட்டரி கனெக்டரைச் செருகும் கணத்தை யாராவது ஸ்கோப்பில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மீட்டர் ஒயர், அதன் முனையில் வெறும் செராமிக். ஒயரின் இண்டக்டன்ஸும் செராமிக்கும் சேர்ந்து ஊஞ்சல் ஆடும், மோசமான கட்டத்தில் இரட்டிப்பு வரை போகும். 84-க்கு 168. உங்கள் ஐசி 100.

வண்டி ஓடும்போது ஒன்றும் ஆகாமல், சர்வீஸில் கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது செத்த போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஐசியைத் திட்டுவார்கள்.

மருந்து சுலபம்: செராமிக்குக்கு இணையாக அதைப்போல நான்கைந்து மடங்கு பெரிய எலெக்ட்ரோலிட்டிக். அதன் உள் தடைதான் இங்கே நமக்கு வேண்டியது, விலை உயர்ந்த குறைந்த தடை ரகத்தைத் தேடாதீர்கள். கூடவே ஒரு டிவிஎஸ் டயோடு (திடீரென்று எகிறும் வோல்டேஜை அமுக்கும் பாதுகாப்பு டயோடு).

நானோநொடி · செவ்வாய், காலை 9.12

ஸ்விட்ச் நோடை அளக்கும்போது ஸ்கோப் புரோபின் நீளமான கிரவுண்ட் கிளிப் ஒயரைக் கழற்றிவிட்டு, குட்டி கிரவுண்ட் ஸ்பிரிங்கைப் போடுங்கள். 84 வோல்ட் 10 நானோசெகண்டில் தாவுகிறது. 15 சென்டிமீட்டர் கிளிப் ஒயர், சர்க்யூட்டில் இல்லாத ரிங்கிங்கை (வோல்டேஜ் ஆட்டத்தை) எல்லாம் காட்டும். இல்லாத ரிங்கிங்குக்கு ஸ்னப்பர் போட்டவன் நான்.

ஈயப்பற்று · அடுத்த ஞாயிறு, மாலை 4.30

போர்டை மாற்றிவிட்டேன். 200 கிலோஹெர்ட்ஸ், 10 மைக்ரோஹென்றி மெட்டல் பவுடர் காயில், மேலே சின்ன மாஸ்ஃபெட், கீழே ரிக்கவரி குறைந்தது. இன்புட் செராமிக்கும் எலெக்ட்ரோலிட்டிக்கும் மாஸ்ஃபெட்டை ஒட்டியே.

84 வோல்ட்டில் ரிப்பிள் 25 மில்லிவோல்ட், சத்தம் இல்லை. மேல் மாஸ்ஃபெட் 61 டிகிரி. செயல்திறன் 4 ஆம்பியரில் 85 சதவீதம்.

கனெக்டர் சோதனையை ஐசியைக் கழற்றிய பழைய போர்டில் செய்தேன். செராமிக் மட்டும் இருந்தபோது உச்சம் 139 வோல்ட். 47 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் சேர்த்ததும் 93. அந்த 139-ஐப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. இதுவரை எத்தனை தடவை வண்டியில் செருகியிருப்பேன்!

ஷார்ட் சோதனையும் செய்தேன். புது போர்டில், தகரத் துண்டு வைத்து. முதல் மூன்று துடிப்பு ஏறி 9 ஆம்பியரைத் தொட்டது, அப்புறம் ஃபோல்ட்பேக் பிடித்துக்கொண்டது. க்ரோபாரும் போட்டிருக்கிறேன், அதைச் சோதிக்க மட்டும் மனசு வரவில்லை.

குறுக்குச்சுற்று · அடுத்த ஞாயிறு, மாலை 5.05

மனசு வர வேண்டும். லோடைக் கழற்றிவிட்டு, இன்புட்டில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, மேல் மாஸ்ஃபெட்டின் டிரெய்னையும் சோர்ஸையும் ஒட்டிவிட்டு இன்புட்டைக் கொடுங்கள். ஃப்யூஸ் போவதற்குள் 3.3 லைன் எங்கே வரை ஏறுகிறது என்று ஸ்கோப்பில் பிடியுங்கள். அந்தப் படம் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

அலைவரிசை · அடுத்த ஞாயிறு, மாலை 5.20

சாவி அணைந்த பிறகு எவ்வளவு இழுக்கிறது?

ஈயப்பற்று · அடுத்த ஞாயிறு, இரவு 9.45

க்ரோபார்: 5.1 வோல்ட் வரை ஏறிவிட்டு விழுந்தது. ஃப்யூஸ் போனது, தைரிஸ்டர் பிழைத்தது. ஆனால் மோடத்துக்கு 5.1 அதிகம்தான். அங்கே ஒரு டிவிஎஸ் சேர்க்கப் போகிறேன்.

அக்கா, சாவி அணைந்த பிறகு தொடர் மோடில் 84 வோல்ட்டிலிருந்து 15 மில்லிஆம்பியர். ஒன்றேகால் வாட், சும்மா இருப்பதற்கு! லைட் லோடு மோடுக்கு மாற்றினேன், ஒரு மில்லிஆம்பியருக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் அந்த மோடே துடிப்பை விழுங்குவதுதானே. இப்போது பகலில் அமைதி, ராத்திரி சாவியை அணைத்ததும் மெல்லிசாகக் கீச்சிடுகிறது.

பழைய_டிரான்சிஸ்டர் · அடுத்த ஞாயிறு, இரவு 10.00

வலது ஓரத்து இரண்டு செராமிக்கை எடுத்துவிட்டு பாலிமர் கெபாசிட்டர் போட்டுப் பாருங்கள் தம்பி.